அடைக்கலத்துக்கு மனு

சிறைக்கு வெளியே மனு என்பது காகிதம். பட்டா கேட்டோ பென்ஷன் கேட்டோ எழுதி, கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று கொடுப்பது. சிறைக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். உள்ளே இருப்பவரைப் பார்க்க வீட்டிலிருந்து ஆள் வந்து, வாசலில் பெயர் கொடுத்து, கம்பிவலைக்கு எதிரே நிற்பதுதான் அங்கே மனு. சந்திப்புக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தின் பெயர் சந்திப்புக்கே ஆகிவிட்டது. வார்டர் முற்றத்தில் நின்று ஒரு பெயரைச் சொல்லி "மனு!" என்று கத்தினால், அந்தப் பெயருக்குரியவர் முகத்தைக் கழுவிக்கொண்டு ஓடுவார். "எனக்கு மனு இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று பொருள்.

பானுமதிக்கு இது தெரியாது.

துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்த காலமெல்லாம் மனு வாங்கியவர். குவார்ட்டர்ஸ் ஒழுகுகிறது, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது, ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள் என்று தினமும் மேஜைக்கு வந்த காகிதங்களைப் படித்து, எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசி, முடிந்ததைச் செய்து, முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு ஃபிளாட்டில் குடியேறிய பிறகு, மாவட்டத்தில் இருந்த ஒரு கிளைச்சிறைக்கு அவரை அலுவல்சாராப் பார்வையாளராக நியமித்தார்கள். சம்பளம் கிடையாது. மாதம் ஒருமுறை உள்ளே போய், சமையலறை, கழிப்பறை, தண்ணீர், மருந்து எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்து, கைதிகளிடம் பேசி, பார்த்ததை எழுதித் தர வேண்டும். சிறைத்துறையைச் சேராத ஒரு ஜோடிக் கண்கள் அங்கே போய்வர வேண்டும் என்பதற்காக இருக்கும் ஏற்பாடு.

அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் மலைக்கோட்டைக் கடைவீதியில் ஜவுளி மொத்த வியாபாரி. சுதந்திர தினத்தன்று வந்து லட்டு கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். "அவரு வந்தா இனிப்பு, நீங்க வந்தா வேலை" என்று சிறைக் கண்காணிப்பாளர் ராஜ்மோகன் பிற்பாடு ஒருநாள் பானுமதியிடமே சொன்னார். குறையாகச் சொல்லவில்லை.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலையில் பானுமதி முதல்முறை உள்ளே போனார். குழம்பைக் கரண்டியில் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். கழிப்பறைக் கதவுகளைச் சாத்திப் பார்த்தார். இரண்டில் தாழ்ப்பாள் இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, "இத நீங்க குடிப்பீங்களா?" என்று ராஜ்மோகனைக் கேட்டார்.

"நான் வீட்லேர்ந்து பாட்டில் கொண்டாந்துருவேன் மேடம்."

"அப்ப இதையும் எழுதிக்கறேன்."

பிறகு முற்றத்தில் கைதிகளை வரிசையாக உட்கார வைத்தார்கள். பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். பானுமதி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்கு வக்கீல் யாரென்றே தெரியவில்லை. ஒரு பையன், கொசுவத்தி வேண்டும் என்றான். பக்கத்தில் இருந்தவன், "ஏசியும் கேளுடா" என்றான், வரிசையே சிரித்தது.

கடைசிக்கு முந்தைய ஆள் அடைக்கலம். வையம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மானாவாரிக் காடும் நாலு ஆடும் வைத்திருந்தவர். பானுமதியின் வயதுதான் இருக்கும். கூட்டுக் கிணற்றில் மோட்டார் போடுவதில் தம்பியோடு தகராறு வந்து, கையில் இருந்த மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தம்பிக்கு மண்டை உடைந்துவிட்டது. ஜாமீன் கிடைத்திருந்தது. ஆனால் பிணை நிற்க ஆள் இல்லை. நிற்கக்கூடிய உறவெல்லாம் தம்பி பக்கம். பிள்ளைகள் கிடையாது. மனைவி மயிலம்மாள் ஒருத்திதான்.

"உங்களுக்கு எதாவது மனு இருக்குங்களா?" என்றார் பானுமதி.

அடைக்கலம் எழுந்து நின்றார். அப்படி ஒரு கேள்வியை அங்கே அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"இல்லம்மா. எனக்கு மனு இல்ல."

"நல்லதுங்க" என்றார் பானுமதி.

"தீவாளிலேருந்தே இல்லம்மா."

"நல்லது. உக்காருங்க."

அவர் உடனே உட்காரவில்லை. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பானுமதி அதற்குள் அடுத்தவர் முன்னால் போயிருந்தார். அன்றைய குறிப்பில், அடைக்கலம் என்ற பெயருக்கு நேராக, மனு ஏதும் இல்லை என்று தெரிவித்தார் என்று எழுதினார்.

அடுத்து வந்த வாரங்களில் பானுமதி சும்மா இருக்கவில்லை. பொதுப்பணித் துறைக்குப் போன் செய்து தாழ்ப்பாள் போட வைத்தார். தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை ரோட்டரி சங்கத்தில் கேட்டு வாங்கினார். பல்வலிக்காரருக்குப் பல்லைப் பிடுங்கினார்கள். மார்கழி பிறந்து, ஒரு செவ்வாய்க்கிழமை அவர் இரண்டாவது முறை சிறைக்குப் போனபோது, செய்ததையெல்லாம் நேரில் பார்க்கப் போகிற நிறைவு அவரிடம் இருந்தது.

உள்ளே ஆள் கணக்கெடுப்பு நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று வாசலில் சொன்னார்கள். மதில் ஓரமாகப் பார்வையாளர் வரிசை. பெண்கள்தான் அதிகம். பானுமதியும் நிழலுக்காக அவர்களோடு போய் நின்றார். பழமும் பிஸ்கட்டும் இருந்த பையை இடுப்பில் இடுக்கியிருந்த ஒரு பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மனு பாக்க வந்தீங்களா?"

"இல்லம்மா, மனு வாங்க வந்தேன்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மனு வாங்கறதா? மனு போடுவோம், மனு பாப்போம். வாங்கறதுன்னு புதுசா இருக்கே. எங்க விக்கறாங்க, காந்தி மார்க்கெட்லயா?"

"கைதிங்களுக்குக் குறை எதாவது இருந்தா..."

"அது குறை. மனுன்னா ஆள் பாக்கறது. நான் பாலக்கரைலேர்ந்து வரேன், வஹீதா என் பேரு. என் தம்பி அப்ரார் உள்ள இருக்கான். இப்ப வார்டர் உள்ள போய் 'அப்ரார், மனு!'ம்பாரு. ஓடியாருவான். நாங்க யாரும் வரலேன்னா அவனுக்கு மனு இல்ல. அவ்வளவுதான்."

மதில்மேல் காயப் போட்டிருந்த வார்டர் சட்டை ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பானுமதி அதையே பார்த்தார்.

"மனு இல்லேன்னு ஒருத்தர் சொன்னா?"

"நாதி இல்லேன்னு அர்த்தம். அல்லா காப்பாத்தணும்."

"வையம்பட்டிக்காரர் ஒருத்தர். அடைக்கலம்னு."

வஹீதாவின் முகம் மலர்ந்தது. "அட, விரல்காரம்மா வீட்டுக்காரரு!" முன்னால் நின்ற பெண்ணைத் தட்டி, "அக்கா, விரல்காரம்மாவக் கேக்கறாங்க" என்றாள். பிறகு பானுமதியிடம் திரும்பினாள். "உள்ள ரெண்டு வலை இருக்குங்க, நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவு சந்து. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவோம். யார் என்ன சொல்றாங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அந்தம்மா மட்டும் கத்தாது. விரல்லயே பேசும். ஆடு குட்டி போட்டா எத்தனன்னு விரலக் காட்டும். மூக்குத்தியத் தொட்டா பொட்டக்குட்டி. கடான்னா மீசைய முறுக்கும். இல்லாத மீசைய! நாங்க கத்தறத விட்டுட்டு அத வேடிக்க பாப்போம். அவரு அந்தப் பக்கம் நின்னு தலைய ஆட்டுவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாங்க, எல்லாம் பேசிட்டுப் போயிருவாங்க."

"இப்ப வர்றதில்லையா?"

"தீவாளிக்கு முன்னால வந்துச்சு. அன்னைக்கு வயித்துல கையை வச்சுக் காட்டிச்சு. செனை ஆடு. அப்பறம் காணோம். வராம இருக்கற ஆளு இல்லங்க அது."

உள்ளே போனதும் பானுமதி சமையலறைக்குப் போகவில்லை. அடைக்கலத்தை அழைத்துவரச் சொன்னார். அவர் வந்து நின்றார். மழிக்காத தாடி வெளுத்து, கழுத்து இன்னும் மெலிந்திருந்தது.

"உங்க வீட்டம்மா வர்றதில்லன்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நான் நல்லதுன்னு சொன்னேன்."

அடைக்கலம் தரையைப் பார்த்தார். "பெரியவங்க சொல்றீங்க, எதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சேன். ஒருவேள, வராம இருந்தாத்தான் அவளுக்கு நல்லதோ என்னமோ. பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி வருவா. அவளுக்கும் முடியல."

"போன்?"

"இங்கேருந்து போட விடுறாங்க. சுவிச்சாப்புன்னே வருது. அம்மா, அவ வராம இருக்க மாட்டா. ஒரு எட்டுப் பாத்துச் சொன்னீங்கன்னாப் போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அவரை அனுப்பிவிட்டு பானுமதி ராஜ்மோகனிடம் கேட்டார். "அன்னைக்கு நீங்க எம் பக்கத்துலதான் நின்னீங்க. அவர் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்ல என்ன இருக்குங்க? உள்ள பாதிப் பேருக்கு மனு கிடையாது." அவர் மேஜைமேல் இருந்த தொப்பியைத் திருப்பி வைத்தார். "நீங்க நல்லதுன்னு சொன்னப்ப எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. ஆனா நீங்க புரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அன்று மதியமே பானுமதி திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினார். வையம்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய், கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பூட்டிய கதவு. பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் ஆடுகள் கட்டியிருந்தன. அவற்றுக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"எந்த ஆபீசு நீங்க?"

"ஆபீஸ் இல்லம்மா. அடைக்கலம் இருக்கற ஜெயில்லேர்ந்து..."

"அவருக்கு என்னாச்சு?" தழை கீழே விழுந்தது.

அவள் பெயர் பொன்னுத்தாய். அடைக்கலத்துக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது. தீபாவளி முடிந்த வாரம் மயிலம்மாளுக்குக் காலும் முகமும் வீங்கி மூச்சு வாங்கியிருக்கிறது. பொன்னுத்தாய்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மணப்பாறையில் பார்த்து, திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. அவசரத்தில் போன் இந்தப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

"ஜெயிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்றேன்னுதாங்க நின்னேன். அதுதான் வேணாம்னுருச்சு. 'உள்ள கெடக்குற மனுசன் கேட்டுட்டு என்ன பண்ணுவாரு, செவுத்துல முட்டிக்கவா? நான் எந்திரிச்சு நானே போய்ச் சொல்லிக்கறேன்'னு சத்தியம் வாங்கிருச்சு. நான் ஒருநா விட்டு ஒருநா போயிப் பாக்கறேன். தம்பி பொண்டாட்டியும் தெரியாம ஒருதரம் போயிட்டு வந்தா." பொன்னுத்தாய் ஒரு ஆட்டைக் காட்டினாள். "மயிலம்மாளோட செல்லம். முந்தாநேத்துதான் போட்டுச்சு. ரெண்டு. ஒண்ணு பொட்ட, ஒண்ணு கடா. அது இன்னும் பாக்கல."

மறுநாள் காலை பானுமதி பெரியாஸ்பத்திரிக்குப் போனார். அடைக்கலம் இருந்த சிறைக்கும் அந்த வார்டுக்கும் இடையே டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மயிலம்மாள் சுவர் ஓரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்றார்கள். ஊதிய முகத்தில் மூக்குத்தி உள்ளே புதைந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பானுமதி தான் யார் என்று சொன்னதும் மயிலம்மாள் கேட்ட முதல் கேள்வி: "பொன்னு சொல்லிட்டாளா?"

"அவங்க சொல்லலம்மா. நானே தேடிப் போனேன்."

"நான் வரலேன்னு கோவமா இருக்காரா?"

"கோவம் இல்ல. தவிச்சுப் போயிருக்காரு."

"தவிப்பாரு." மூச்சு வாங்கிக்கொண்டு, "செவ்வாக்கெழம வரேன்னு சொல்லுங்க" என்றார். "எந்தச் செவ்வான்னு சொல்லாதீங்க."

ஆடு குட்டி போட்டதைப் பானுமதி சொன்னார். மயிலம்மாள் கண்ணை மூடித் திறந்தார். சிரித்தார் என்றுதான் தோன்றியது. பிறகு கட்டிலின் விளிம்பில் இருந்த பானுமதியின் கையைப் பிடித்தார்.

"அத மட்டும் நீங்க சொல்லிறாதீங்க தாயி. அது நான் சொல்லணும்."

வெளியே வந்தபோது டாக்டர் பானுமதியைத் தனியாக அழைத்து, பார்க்க வேண்டியவர்கள் இருந்தால் சீக்கிரம் வந்து பார்ப்பது நல்லது என்றார்.

பானுமதி ஆஸ்பத்திரி விஷயத்தை அடைக்கலத்திடம் சொன்னார், குட்டிகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதன் பிறகு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். காகிதம், கையெழுத்து, போன். இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து நீதிமன்றத்தில் மனுப் போட வைத்தார்; இது காகித மனு. போலீஸ் காவலோடு அடைக்கலத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மனைவியைக் காட்டிவிட்டு வரலாம் என்று உத்தரவு வந்தது. அது வரும்வரை போனிலாவது பேசட்டும் என்று ராஜ்மோகன் ஏற்பாடு செய்தார். பானுமதி ஆஸ்பத்திரியில் தன் போனை மயிலம்மாள் காதில் வைத்துப் பிடித்தார். அந்தப் பக்கம் அடைக்கலம்.

"சாப்ட்டியா?"

"ம்."

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

பிறகு இருவரும் பேசவில்லை. மயிலம்மாளின் வலது கை மட்டும் மடியில் இரண்டு விரலை நீட்டி, மடக்கிக்கொண்டது. போனில் அது தெரியாது. "செவ்வாக்கெழம வரேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து ராஜ்மோகன் குரல் வந்தது: "மேடம், அவரு போன எங்கிட்ட குடுத்துட்டாரு. நேர்ல பாக்கணுமாம். இதுல என்னத்தப் பேசறதுங்கறாரு."

உத்தரவு கையில் இருந்தது. வழிக்காவலுக்குப் போலீஸ் வேண்டும். வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டது.

"ரெண்டு பேர் போதும் சார்" என்றார் பானுமதி, போலீஸ் அதிகாரி ஒருவரிடம் போனில்.

"ரெண்டு பேர்தான் இல்லங்கம்மா. இருக்கற ஃபோர்ஸ் பூரா ஸ்ரீரங்கம் பந்தோபஸ்துல நிக்குது. வெளி மாவட்டத்துலேர்ந்தே ஆள் வந்திருக்கு. ஏகாதசி முடியட்டும், மறுநாளே அனுப்பறோம்."

"அந்தம்மா தாங்குவாங்களான்னு தெரியல சார்."

"புரியுதுங்கம்மா. நானும் வீட்டுக்குப் போயி நாலு நாளாச்சு."

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பானுமதியின் ஃபிளாட்டுக்குக் கீழேயே இரண்டு போலீஸ்காரர்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து மற்றவருக்கு நீட்டினார். பானுமதி பால்கனியில் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இறங்கிப் போய், என்னோடு வாருங்கள், இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று கேட்டால் என்ன என்றுகூட நினைத்தார். பைகளும் பிள்ளைகளுமாக ஜனங்கள் அவர்களைத் தாண்டிக் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஏகாதசி அன்று காலை, பரமபதவாசல் திறந்து பெருமாள் எழுந்தருளிய பிறகு, "ரங்கா, ரங்கா" என்ற குரல் இன்னும் தெருவில் ஓய்ந்திருக்கவில்லை. பொன்னுத்தாயின் போன் வந்தது. அழுகையைக் கேட்டதும் பானுமதிக்குத் தெரிந்துவிட்டது.

எதிர் ஃபிளாட் ரங்கநாதன் சேவை முடிந்து, நெற்றியில் ஈரத் திருமண்ணோடு மாடி ஏறி வந்தார். கதவருகே நின்ற பானுமதியின் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டார். தெரிந்த ஒரு அம்மாள் காலமாகிவிட்டார் என்றார் பானுமதி.

"இன்னிக்கா? வாசல் திறந்த வேளையிலயா?" ரங்கநாதன் கையைக் கூப்பினார். "பாக்யசாலி. இந்தப் புண்ய காலத்துல திருநாடு எய்தறதுக்கு ஜன்மாந்தர சுக்ருதம் வேணும். நீங்க வருத்தப்படவே கூடாது."

அவர் அன்போடுதான் சொன்னார். பானுமதி சரி என்று தலையாட்டி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உத்தரவு ஆஸ்பத்திரிக்குத்தான், சுடுகாட்டுக்கு இல்லை. அதை மாற்றி எழுதி வாங்குவதற்குள் எரித்து முடிந்திருந்தது. மண்டை உடைந்த தம்பியின் மகன்தான் கொள்ளி வைத்தான். இரண்டு நாள் கழித்து, காரியத்துக்குப் போய்வரலாம் என்ற புது உத்தரவும் வந்தது, இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். பானுமதியும் வந்திருந்தார். அடைக்கலம் போக மாட்டேன் என்றார்.

"ஏங்க, ஒரு தடவ போய்ட்டு வாங்க" என்றார் ராஜ்மோகன். "நான் கைவிலங்கு போட வேணாம்னு சொல்லியிருக்கேன்."

"அங்க என்னய்யா இருக்கு? பூட்டுன வீடு இருக்கும். தம்பி வீட்டு ஆளுங்க நிப்பாங்க. நான் ரெண்டு போலீசுக்கு நடுவுல நிக்கணும். அப்படி நான் நிக்கறத ஊரு பாக்கக் கூடாதுன்னுதான அவ யாரையும் கூட்டியாராம தனியாவே வந்துக்கிட்டிருந்தா." பானுமதியைப் பார்த்தார். "செவ்வாக்கெழம வரேன்னு சொன்னாம்மா."

பானுமதி அன்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். மனு என்ற சொல்லைத் தான் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை. அவர் முதல் தடவை சொன்னபோதே போய்ப் பார்த்திருந்தால், கார்த்திகையிலேயே உத்தரவு வாங்கியிருக்கலாம் என்பதை. அப்போது ஏகாதசி இல்லை, போலீசுக்குப் பஞ்சம் இல்லை என்பதை. அடைக்கலம் முழுதும் கேட்டார்.

"அதுக்கு அப்படி ஒரு அர்த்தம் வேற இருக்கா" என்றார். பானுமதி காத்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் வார்டரிடம், "உள்ள போலாமாய்யா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பானுமதி சிறைக்கு வந்தார். அது அவருடைய முறைநாள் இல்லை. மதில் ஓரம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். வாசல் வார்டர் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"மேடம், நீங்க எதுக்கு இங்க? நேரா உள்ள வாங்க."

"இன்னிக்கு மனு பாக்க வந்திருக்கேன். பேர் எழுதிக்கங்க. அடைக்கலம்."

வார்டர் குழம்பிப்போய் ஆதார் அட்டையை வாங்கிக்கொண்டார். "உறவுன்னு ஒண்ணு போடணுமே மேடம். என்ன போட?"

வரிசையில் முன்னால் நின்ற வஹீதா திரும்பினாள். விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"அக்கான்னு போடுங்க சார். இதுக்கெல்லாமா போய் யோசிப்பீங்க?"

வார்டர் எழுதிக்கொண்டு உள்ளே போனார். முற்றத்திலிருந்து அவர் குரல் வரிசை வரைக்கும் கேட்டது.

"அடைக்கலம்! மனு!"

பதில் இல்லை. இரண்டாவது முறையும் கத்த வேண்டியிருந்தது.

பார்வையாளர் அறைக்குள் பானுமதி இதுவரை போனதில்லை. ஆய்வு செய்ய வேண்டிய இடங்களில் அது விட்டுப்போயிருந்தது. வஹீதா சொன்னபடியே இரண்டு வலை, நடுவில் சந்து. கதவு திறந்ததும் எல்லாரும் வலையில் முகத்தை வைத்துக் கத்தத் தொடங்கினார்கள். வக்கீல், வாய்தா, பாப்பாவுக்குக் காய்ச்சல், அம்மா அழறாங்க, சாப்ட்டியாடா. யாருடைய சொல் யாருக்குப் போகிறது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் கைதிகள் ஓடி வந்து இடம் பிடித்தார்கள். எல்லாருக்கும் பின்னால் அடைக்கலம் வந்தார். முகம் கழுவியிருந்தார். தாடியில் தண்ணீர் சொட்டியது. வலையில் இருந்த ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே வந்து, பானுமதியைப் பார்த்ததும் நின்றார்.

பானுமதி ஏதோ சொன்னார். அது அவருக்கே கேட்கவில்லை. அடைக்கலம் காதுக்குப் பின்னால் கையை வைத்துச் சாய்ந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, கேட்காது என்பதுபோல் தலையசைத்தார்.

பானுமதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். சுற்றிலும் பார்த்தார். வலதுகையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

அடைக்கலம் அசையாமல் நின்றார்.

பானுமதி தன் மூக்கைத் தொட்டார். அங்கே மூக்குத்தி இல்லை. ஒரு விரலை மடக்கினார். பிறகு மேலுதட்டின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வைத்து, இல்லாத மீசையை முறுக்கினார்.

பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண், புதிதாக வந்தவள், பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். வஹீதா அவள் தோளை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் அடைக்கலத்தின் தலை மெதுவாக ஆடியது, தெரிந்துகொண்டேன் என்று. அவர் கை மேலே வந்தது. இரண்டு விரல் நீட்டியது. அதை அவர் பானுமதிக்குக் காட்டவில்லை. தன் முகத்துக்கு நேரே வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வார்டர் வந்து நேரம் முடிந்தது என்று தோளைத் தொடும்வரை.